ஐ.எஸ்.எல் உலகத்துலயே நாலாவதாம், யாரு எண்ணுனது?

கோவை கோல்போஸ்ட்:
காலங்காத்தால வாட்ஸப்புல ஒரு ஃபார்வர்ட். "2014ல முதல் சீசன்லயே கூட்டத்துல உலகத்தோட நாலாவது லீக் நம்ம ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக்), இந்திய ஃபுட்பாலை வளர்த்ததே அதுதான்"னு. பத்து வருசமா இதே பல்லவி. மொத்தம் 61 மேட்ச்சுங்க. அக்டோபர் 12ல ஆரம்பிச்சு டிசம்பர் 20ல கப்பு கொடுத்து கடைய சாத்தியாச்சு. இதை ஒன்பது பத்து மாசம் ஓடுற ஜெர்மன் லீக் ஆவரேஜ் பக்கத்துல வச்சு நாலாவதுன்னு சொன்னா, கல்யாணப் பந்தியில தலையை எண்ணிட்டு நானும் ஓட்டல் நடத்துறேன்னு சொல்ற கதைதான்.

பெரியமேடு பையன்:
வந்துட்டாரு. ஆவரேஜ் 24 ஆயிரத்துக்கு மேல. 61 மேட்ச்னா என்ன, 300 மேட்ச்னா என்ன, ஆவரேஜ் ஆவரேஜ்தான் பாஸ். உங்க பழைய தேசிய லீக்கு, அந்த ஐ-லீக்குக்கு அப்ப காக்கா குருவிதான் வந்துச்சு. டெல் பியரோ, ட்ரெசகே மாதிரி வெளிநாட்டு ஸ்டாருங்க ஐ.எஸ்.எல்லுக்கு வந்தாங்க, எங்க சென்னையின் டீமுக்கு எலானோ. எலானோ ஃப்ரீகிக்குக்கு நின்னா நேரு ஸ்டேடியத்துல மேளம் நிக்கும், பக்கத்துல மூச்சு விடுற சத்தம் கேக்கும். நீங்க பாத்ததுண்டா?

கணக்கு தம்பி:
ஒரு சந்தேகம். வளர்ச்சின்னு எதைச் சொல்றோம்? கூட்டமா, காசா, தேசிய டீமோட ஃபிஃபா ரேங்கா? 2023ல 99 வரைக்கும் வந்தோம், இப்ப 130க்கும் கீழ கிடக்குறோம். அதை முதல்ல முடிவு பண்ணிட்டு பேசலாமே.

கோவை கோல்போஸ்ட்:
தம்பி சும்மா இருங்க. காக்கா குருவியா? 2019 மார்ச் 9, கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம், எங்க சென்னை சிட்டி டீமுக்கு மினர்வா பஞ்சாப் கூட ஐ-லீக் கடைசி மேட்ச், ஜெயிச்சாதான் கப்பு, ஈஸ்ட் பெங்கால் ஒரு பாயிண்ட் தள்ளி நின்னுட்டு இருக்கு, ஆரம்பத்துலயே ஒரு கோல் வாங்கிட்டோம், எம்பட பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் துண்டை எடுத்து மூஞ்சியில போட்டுக்கிட்டாரு, மான்சி பெனால்டி போட்டப்பதான் துண்டை எடுத்தாரு. அப்புறம் டிஃபெண்டர் கௌரவ் போரா ரெண்டு அடிச்சு 3-1. சென்னை சிட்டி சாம்பியன். அவ்வளவு செஞ்சும் ஐ.எஸ்.எல்லுக்கு மேல போக அப்ப ரூல் கிடையாது, ஏன்னா அங்க காசு கட்டினவங்களுக்குத்தான் சீட்டு. ஐ-லீக்ல ஜெயிச்சு ஒரு டீம் மேல போனது 2023ல, பஞ்சாப். அதுக்குள்ள எங்க டீமே காணாமப் போச்சு. இதுதான் உங்க நாலாவது லீக்கு வளர்த்த லட்சணம்.

பெரியமேடு பையன்:
சென்னை சிட்டின்னு பேரை வச்சுட்டு கோவையில ஆடுற டீமுக்கு எங்கள ஏன் திட்டுறீங்க? பேரை முதல்ல மாத்திருக்கலாம்.

கோவை கோல்போஸ்ட்:
சென்னையில உங்கள நம்பி ஆடியிருந்தா உங்க காக்கா குருவிதான் வந்திருக்கும். நாங்க சோறு போட்டு வளர்த்தோம். "சென்னையின்"ங்கிறது மட்டும் என்ன பேரு? பாதியில நிக்குது. சென்னையின் என்ன? சென்னையின் கொசுவா?

தூத்தூர் கடப்புறம்:
மக்கா சண்டை போடாதிய. அந்த 24 ஆயிரத்துல பாதி எங்க கொச்சியும் கொல்கத்தாவும் போட்ட கூட்டம். சென்னைக்காரன் என்னத்துக்கு நெஞ்ச நிமித்துதான்னு தெரியல. எங்க பக்கத்து சூசைராஜும் சென்னை சிட்டியில ஆடிட்டுதான் ஜாம்ஷெட்பூர் போனாரு. ஆனா நான் மஞ்சச் சட்டைதான், கேரளா பிளாஸ்டர்ஸ்.

பெரியமேடு பையன்:
மஞ்சச் சட்டைக்கு கப்பு எத்தனை? சைபர். எங்களுக்கு ரெண்டு. 2015 செமிஃபைனல்ல கொல்கத்தாவை 3-0 அடிச்சப்ப நேரு ஸ்டேடியமே அதிர்ந்துச்சு, நான் அங்கதான் நின்னேன், தொண்டை கட்டி மூணு நாள் பேச்சே வரல. அந்தக் கூட்டத்தைத்தான் நாலாவதுன்னு சொல்றோம்.

கோவை கோல்போஸ்ட்:
ஒரு நிமிஷம். 2015 டிசம்பர்ல சென்னை முழுக்க வெள்ளம். அந்த மேட்ச்சை புனேல வச்சாங்க. நீங்க எந்த நேரு ஸ்டேடியத்துல நின்னீங்க சாமி? படகுல போயி நின்னீங்களா?

தூத்தூர் கடப்புறம்:
😂😂 மக்கா தொண்டை ஏன் கட்டுச்சு இப்ப புரியுது. ஈரத்துல நின்னுருப்ப.

பெரியமேடு பையன்:
லீக் மேட்ச்சோட குழப்பிட்டேன், அதுக்கு என்ன இப்ப. ஃபைனல் கோவால, 90வது நிமிஷம் வரைக்கும் 2-1 பின்னாடி இருந்து 3-2 ஜெயிச்சோம்ல, அது பொய்யா? கடைசி கோல் போட்ட மெண்டோசா பொய்யா?

கோவை கோல்போஸ்ட்:
மெண்டோசா நெசம். உங்க டிக்கெட்டுதான் எங்கன்னு கேக்கறேன்.

கணக்கு தம்பி:
2016ல கொல்கத்தா ஆவரேஜ் விழுந்ததுக்கு காரணம் சால்ட் லேக் ஸ்டேடியத்த 17 வயசு உலகக்கோப்பைக்காக மூடிட்டாங்க, டீம் ரவீந்திர சரோவருக்குப் போச்சு, அது சின்ன கிரவுண்டு. சும்மா சொல்லி வச்சேன்.

பெரியமேடு பையன்:
தம்பி சொன்னதை கேட்டீங்களா? இடம் சின்னது, அதான் கூட்டம் குறைஞ்சுது. ஆர்வம் குறையல. நாலாவது நாலாவதுதான்.

கோவை கோல்போஸ்ட்:
ஆர்வமா? நான் காலேஜ் படிக்கும்போது ஒரு டீம் மேட்ச்சுக்கு பாஸ் கட்டு கட்டா வந்துச்சு, ஹாஸ்டல்ல எண்பது பேரு போனோம், பிரியாணி பொட்டலம் தருவாங்கன்னு ஒருத்தன் கிளப்பிவிட்டதுதான் காரணம், அதுவும் தரல. நாங்க எண்பது பேரும் அந்த 24 ஆயிரத்துல இருக்கோம். 2025 ஜூலையில லீக் நடத்துற 15 வருச ஒப்பந்தம் முடியப்போகுதுன்னு சீசனையே நிறுத்தி வச்சாங்களே, உங்க டீமே வேலைய நிறுத்துச்சே, அப்ப எங்க போச்சு உங்க நாலாவது? புள்ளைங்க சம்பளம் வருமான்னு தெரியாம உக்காந்திருந்தாங்க.

பெரியமேடு பையன்:
பிரியாணி கிடைக்காத கோவத்தை பத்து வருசமா லீக் மேல காட்டுறாரு. வியாசர்பாடி தனபால் கணேஷ டிவியில பாத்துட்டு எங்க ஏரியா பசங்க பூட்ஸ் வாங்குனாங்க, அது தெரியுமா?

கோவை கோல்போஸ்ட்:
அப்ப அந்தப் பசங்ககிட்டயே கேளுங்க, 2015 செமிஃபைனல் டிக்கெட் யாராச்சும் பத்திரமா வச்சிருக்காங்களான்னு.

பெரியமேடு பையன்:
பீரோவுல தேடிட்டு இருக்கேன்.

தூத்தூர் கடப்புறம்:
மக்கா மெல்லமா. நனைஞ்சிருக்கும், கிழிஞ்சிரும்.