விழுந்த குண்டுவீச்சு விமானத் துண்டுகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

தக்கலையிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்கான விளக்க அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் லிங்கன்ஷயரில் வேலை பார்த்து ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர், இரண்டாம் உலகப் போரில் விழுந்து நொறுங்கிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் துண்டுகளை இரவல் தந்திருக்கிறார். கசங்கிய அலுமினியத் தகடு, மெர்லின் என்ஜினின் பிஸ்டன், எண் பொறித்த சிறிய தகடு. இவற்றுக்குப் பொதுப்பெயர் என்ன? பிள்ளைகள் 'ஆக்கர் சாமான்' (எடைக்குப் போடும் பழைய சாமான்) என்று எழுதி வந்திருக்கிறார்கள். அது வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து:
'வானூர்தி எச்சம்' என்று போடுங்கள் டீச்சர். விமானம் வடசொல். புறநானூறு 27ஆம் பாட்டிலேயே 'வலவன் ஏவா வான ஊர்தி' வந்துவிட்டது. எச்சமோ வள்ளுவர் ஆண்ட சொல்: 'எச்சத்தாற் காணப் படும்'. பெயரெச்சம் தன் பெயரைத் தேடி நிற்பதுபோல அந்தத் தகடும் தன் விமானத்தைத் தேடி நிற்கிறது.

மார்த்தாண்டத்திலிருந்து:
ஐயா, வானத்திலிருந்து விழுந்த எச்சம் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காக்கைதான் நினைவுக்கு வரும். அந்தப் பாட்டில் வருவது ஓட்டுபவர் இல்லாத ஊர்தி. லங்காஸ்டரில் விமானியோடு சேர்த்து ஏழு பேர் பறந்தார்கள். கோயிலில் புனிதர்களின் எலும்பைத் திருப்பண்டம் என்கிறோமே, அந்த வழியில் 'போர்ப்பண்டம்' ஆகாதா?

குலசேகரத்திலிருந்து:
வெறும் பண்டம் கடைச்சரக்காகிவிடும். 'விழுப்பொருள்' என்று வையுங்கள். விழுந்த பொருள், விழுமிய பொருள், இரண்டும் கிடைக்கும். விழுப்புண், விழுப்பம் எல்லாம் அதே குடும்பம். இந்த மரியாதை இதற்கு வேண்டும். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, ராணுவ விமானம் விழுந்த இடத்தைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டக்கூடாது. உடல்களோ வெடிக்காத குண்டுகளோ இருக்கும் என்று தோன்றினால் பொதுவாக உரிமம் கிடைப்பதில்லை. முறையாகச் சேகரிப்பவர்கள் தகட்டு எண்ணைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, எந்த விமானம், உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று தேடிப் போகிறார்கள். எடைக்குப் போடுகிறவர் இதைச் செய்யமாட்டார்.

நாகர்கோவிலிலிருந்து:
கருத்து நல்லது தம்பி, புணர்ச்சி இடிக்கிறது. விழுந்த பொருள் என்றால் வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல வல்லினம் மிகாது, 'விழுபொருள்' என்றுதான் வரும். நடுவில் ப் போட்டால் 'விழு' உரிச்சொல். சிறப்பு மட்டும்தான் மிஞ்சும், விழுந்தது போய்விடும்.

மார்த்தாண்டத்திலிருந்து:
அப்போ 'சிதைபொருள்'. இலக்கணமும் இடிக்காது, பிள்ளைகளுக்கும் புரியும்.

தக்கலையிலிருந்து:
தனிமடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் சிதைபொருள் என்றே சொல்கிறார்கள். வினைத்தொகை முக்காலமும் காட்டும் என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது. செம்பு கலந்த அந்த அலுமினியம் நம் கடற்காற்றில் வெண்பொடியாக இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறோம். சரி, 'போர்விமானச் சிதைபொருள்' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:
வானூர்தி என்றாவது மாற்றியிருக்கலாம்.

குலசேகரத்திலிருந்து:
அச்சுக்குப் போகட்டும் டீச்சர், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. சிதைந்தது மட்டும்தான் அதில் தெரிகிறது. ப் இல்லாத 'விழுபொருள்' எனக்குச் சம்மதமே, அடுத்த கண்காட்சிக்கு அதையே மறுபடி முன்வைப்பேன். இப்போதைக்கு, ஏழு பேர் பறந்த விமானம் என்ற வரியையாவது அட்டையில் பெயருக்கு அடியில் சேருங்கள்.