ஒரே பக்கத்தில் இரண்டு ஆசிரியர்கள்: ரெல்=ஆத்தர் எங்கே போட வேண்டும்?

மூடாத டேக்:
நானும் இன்னொருவரும் சேர்ந்து எழுதும் தளம். டெம்ப்ளேட் பழசு, எங்கிருந்தோ எடுத்தது. பக்கத்தின் ஹெட்டில் (வாசகர் கண்ணுக்குத் தெரியாத தகவல் பகுதி) மெட்டா ஆத்தர் என்று என் பெயர் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது, அதனால் அவர் எழுதியதை ஃபயர்ஃபாக்ஸ் ரீடர் வியூவில் (கட்டுரையை மட்டும் காட்டும் வாசிப்பு முறை) திறந்தாலும் தலைப்புக்குக் கீழே என் பெயர்தான் வருகிறது. அவர் கண்டுகொள்ளவில்லை, எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. சரி என்று பக்கத்தின் அடியில், ஃபுட்டரில், இருவரின் அறிமுகப் பக்கங்களுக்கும் ரெல்=ஆத்தர் (rel=author, 'இந்த லிங்க் ஆசிரியரைப் பற்றியது' என்று சொல்லும் குறிப்பு) போட்டு லிங்க் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் டெம்ப்ளேட்டில் ரெவ்=மேட் (rev=made) என்று ஒரு வரி, மெயில்டு (mailto) மின்னஞ்சல் முகவரியோடு. தட்டச்சுப் பிழை போல என்று ரெல் ஆக்கிவிட்டேன். தப்பா?

அரைப்புள்ளி:
ரெல்=ஆத்தரெல்லாம் செத்துப்போன விஷயம். கூகுள் 2011இல் ஆசிரியர் படத்தைத் தேடல் முடிவில் காட்டுகிறேன் என்று எல்லாரையும் அதைப் போட வைத்தது, 2014இல் மூடிவிட்டது. எடுத்துவிட்டு ஸ்கீமாவில் (தேடுபொறிகள் படிக்கும் தகவல் முறை) ஆசிரியர் பெயரை ஜேசன்-எல்டி (JSON-LD) வடிவில் கொடுத்தால் போதும்.

வெற்றுவரி:
கூகுள் கைவிட்டால் செத்துவிட்டது என்று ஆகாது. அது எச்டிஎம்எல் தரத்தில் இன்றும் இருக்கிறது, ரீடர் வியூவும் பெயரைத் தேடும்போது அதைப் பார்க்கிறது. ஆனால் மெட்டாவில் ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அதைத்தான் எடுத்துக்கொள்ளும், உங்கள் ஃபுட்டர் வேலை செய்யாததற்குக் காரணம் அதுதான். முதலில் மெட்டாவைக் கட்டுரைக்குக் கட்டுரை மாறும்படி செய்யுங்கள். முகப்பில் இருவர் பெயரும் வேண்டுமென்றால் ஒரே டேக்கில் கமா போட்டு எழுதாமல் ஆளுக்கொரு மெட்டா டேக்.

ஃபுட்டர் விஷயம்: ரெல்=ஆத்தர் உள்ள லிங்க் ஓர் ஆர்ட்டிகிள் டேக்குக்குள் இருந்தால் அந்த ஆர்ட்டிகிளின் ஆசிரியரை மட்டும் குறிக்கும், வெளியே இருந்தால் முழுப் பக்கத்துக்கும். நீங்கள் போட்டிருக்கிற இடத்தில் எல்லாக் கட்டுரையையும் இருவரும் சேர்ந்து எழுதியதாக ஆகிறது. தலைப்புக்குக் கீழே பெயர் வரும் இடத்தில், ஆர்ட்டிகிளுக்குள்ளேயே வையுங்கள்.

ரெவ் பிழையில்லை. 'அந்தப் பக்கம் எனக்கு என்ன உறவு' என்பது ரெல், 'நான் அதற்கு என்ன உறவு' என்பது ரெவ். 'இந்தப் பக்கம் அந்த முகவரிக்காரர் செய்தது' என்றுதான் பழைய வரி சொன்னது. நீங்கள் மாற்றியதில் அந்த முகவரியை உங்கள் பக்கம் பெற்றெடுத்ததாக ஆகிவிட்டது :) இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல்ஷீட் லிங்க்குக்கே ரெவ் போட்டு வைத்தவர்கள் ஏராளம். எச்டிஎம்எல் 5 ரெவ்வைக் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வரியை ரெல்=ஆத்தர் ஆக்குங்கள், அல்லது தூக்கிவிடுங்கள்.

மூடாத டேக்:
மெட்டாவை மாற்றியதும் அவர் பெயர் வந்துவிட்டது, நன்றி. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில், 'இந்தத் தளம் இவருடையதுதான்' என்று காட்டும் பச்சை டிக்குக்காக அதே ஃபுட்டரில் எங்கள் இருவர் கணக்குக்கும் ரெல்=மீ (rel=me) போட்டிருக்கிறேன். இருவருக்குமே டிக் விழுந்துவிட்டது.

அரைப்புள்ளி:
விழும், ஏனென்றால் பக்கத்திலிருந்து கணக்குக்குத் திரும்பி ஒரு ரெல்=மீ இருக்கிறதா என்று மட்டுந்தான் அது பார்க்கிறது. ஆனால் 'அங்கே இருப்பதும் நானே' என்பதுதான் ரெல்=மீயின் பொருள், லிங்கில் மனித உறவைக் குறிக்கும் எக்ஸ்எஃப்என் (XFN) என்ற பழைய முறையிலும் அப்படித்தான். உங்கள் ஃபுட்டர்படி நீங்கள் இருவரும் ஒரே ஆள். ஃபுட்டரிலிருந்து எடுத்து, அவரவர் அறிமுகப் பக்கத்தில் அவரவர் ரெல்=மீயை வையுங்கள், மாஸ்டடானிலும் முகப்பு முகவரிக்குப் பதில் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். ரெல்=ஆத்தர் பற்றி நான் சொன்னது அவசரம், வெற்றுவரி சொன்னதுதான் சரி.

மூடாத டேக்:
மாற்றிவிட்டேன். என் டிக் வந்துவிட்டது. அவர் இன்னும் முகவரியை மாற்றிச் சேமிக்கவில்லை, அவருடையது காத்திருக்கிறது.