புதுப்பிப்பு: திருகோணமலைத் தியான இல்லம், ஐந்து பேர், நாற்பது விருந்தினர்

மூன்று நாள் மௌன தியானத்துக்கு 40 பேர் வந்தால் ஐந்து ஊழியர் எப்படிச் சமாளிக்கலாம் என்ற முந்தைய பதிவில் தண்ணீர்த் தாங்கி கழுவும் பகுதி அரைகுறையாக இருந்தது. அதுதான் இப்போது, கூடவே குளியல், சாப்பாடு பற்றிச் சில குறிப்புகளும்.

விருந்தினர் வருவதற்கு இரண்டு நாள் முந்தியே செய்யுங்கள். வருவதற்கு முந்தின இரவு தொடங்கினால் காலையில் குசினிக்குத் தண்ணீர் இராது. அடி வண்டலைத் தேய்த்துக் கழுவி, 1000 லீற்றர் நிரப்புங்கள். 65 சதவீதக் குளோரின் தூள் 80 கிராமைப் பிளாஸ்திக் வாளித் தண்ணீரில் கரையுங்கள். தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. தெளிய விட்டு, மேல்தெளிவை மட்டும் தாங்கியில் ஊற்றுங்கள். சுண்ணாம்பு மண்டி உள்ளே போனால் குழாய் வாயை அடைக்கும். ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, 12 மணித்தியாலம் விடுங்கள். பிறகு முழுவதையும் வடித்து அலசுங்கள். அந்தத் தண்ணீர் பூங்கன்றுக்கு ஆகாது. கழிப்பறை கழுவும் அசிட்டும் இந்தத் தூளும் ஒரே வாளியில் சேரவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் கிணற்று நீர் இறங்கிவிடும். அப்போது குளியலுக்கு நேரம் பிரித்துப் பலகையில் எழுதிவிடுங்கள், மௌனத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

சோற்றுக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி, 40 பேருக்கு 5 கிலோ. மிஞ்சிய சோற்றை இரவு வெளியில் வைக்காதீர்கள். அதில் ஊறும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ப்பால் கறியும் அப்படித்தான், அந்தந்த நேரத்துக்கு மட்டும்.

சில்வர் தட்டுகளை மௌன நேரத்தில் கழுவாதீர்கள். சத்தம் சிற்றாலயம் வரை கேட்கும்.