6061 அலுமினியம்: ஃப்ளூட்டில் அடைத்துக்கொள்கிறது, எந்த எண்ட் மில் வாங்குவது?

கேள்வி

6061-டி6 (அலுமினியக் கலவை) பிளேட்டில் 12 மி.மீ. ஆழ பாக்கெட் (குழி) அடிக்கிறோம். மூலை ரேடியஸ் 5 மி.மீ. மெஷின் வி.எம்.சி. (செங்குத்து ஸ்பிண்டில் உள்ள, கணினி ஓட்டும் மில்லிங் மெஷின்), ஸ்பிண்டில் அதிகபட்சம் 6000 ஆர்.பி.எம். ஸ்டீலுக்கு வாங்கி வைத்திருந்த 10 மி.மீ., 4 ஃப்ளூட் (பற்களுக்கு இடையே சீவல் வெளியேறும் பள்ளம்), கறுப்புக் கோட்டிங் கார்பைடு எண்ட் மில் கட்டர்தான் போடுகிறோம். ஃபீட் (கட்டர் முன்னேறும் வேகம்) நிமிடத்துக்கு 300 மி.மீ., ஒரு பாஸுக்கு 3 மி.மீ. ஆழம். இரண்டு பாக்கெட் முடிவதற்குள் ஃப்ளூட் முழுக்க அலுமினியம் அப்பிக்கொள்கிறது, மூன்றாவதில் கட்டர் முறிகிறது. ஃபீடைக் குறைத்தால் இன்னும் மோசம். என்ன கட்டர் வாங்கலாம்?

பதில் 1

முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள்: ஃபீட் ÷ (ஆர்.பி.எம். × பல் எண்ணிக்கை). 300 ÷ (6000 × 4) = 0.0125 மி.மீ. ஒரு பல்லுக்கு அவ்வளவுதான் கிடைக்கிறது. அந்தத் தடிமனில் பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் அலுமினியம் இளகி முனையில் ஒட்டும், ஒட்டியதன் மேல் அடுத்தது ஒட்டும். ஃபீடைக் குறைத்ததும் மோசமானது இதனால்தான்.

கட்டரும் தவறு. 4 ஃப்ளூட்டில் பள்ளம் சின்னது. அலுமினியச் சீவலோ பருமனானது, வெளியேற இடமில்லை. ஸ்டீல் கட்டரின் கறுப்புக் கோட்டிங் பெரும்பாலும் டைட்டானியம்-அலுமினியம் நைட்ரைடு வகை. அலுமினியம் அதில் எளிதாக ஒட்டும். போதாததற்குக் கோட்டிங் முனையின் கூர்மையையும் கொஞ்சம் மழுக்கிவிடும்.

வாங்க வேண்டியது: 3 ஃப்ளூட், 45 டிகிரி ஹீலிக்ஸ் (ஃப்ளூட்டின் சுருள் சாய்வு), ஃப்ளூட் கண்ணாடிபோல் பாலிஷ் செய்த, கோட்டிங் இல்லாத கார்பைடு. கோட்டிங் வேண்டும் என்றால் ஜிர்கோனியம் நைட்ரைடு, டைட்டானியம் டைபோரைடு அல்லது டி.எல்.சி. (வைரம் போன்ற கார்பன்) மட்டும்.

10 மி.மீ. கட்டருக்கு 6000 ஆர்.பி.எம். என்றால் நிமிடத்துக்கு 188 மீட்டர் வெட்டு வேகம். கார்பைடு 300 மீட்டரையும் தாங்கும். அதனால் ஸ்பிண்டிலை முழு வேகத்தில் ஓட்டுங்கள். பல்லுக்கு 0.06 வைத்தால் ஃபீட் 1080. சத்தம் சீராக இருந்தால் 0.08, அதாவது 1440. ஸ்லாட் (நீள் பள்ளம்) போல கட்டரின் முழு அகலமும் வெட்டும்போது 5 மி.மீ. ஆழத்தைத் தாண்டாதீர்கள்.

இடம் திறந்தபின் முறையை மாற்றுங்கள்: ஆழம் முழு 12, பக்கவாட்டில் 1 மி.மீ. பக்கவாட்டு வெட்டு விட்டத்தில் 10 சதவீதம்தான் என்பதால், நீங்கள் கொடுத்த சிப் லோடில் (பல்லுக்கான ஃபீடில்) சுமார் 60 சதவீதமே உண்மையான சீவல் தடிமன். எனவே பல்லுக்கு 0.1, ஃபீட் 1800 கொடுக்கலாம். கட்டரின் அடிநுனி மட்டும் தேயாமல் வெட்டும் விளிம்பு முழுக்கச் சமமாக உழைக்கும்.

பதில் 2

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டுக்குள் நேராகக் குத்தி இறக்காதீர்கள்; 2 முதல் 3 டிகிரி சரிவில் சுற்றிச் சுற்றி இறக்குங்கள். கூலன்ட் 8 சதவீதக் கலவையில், நாசில் வெட்டும் இடத்தையே நோக்கி இருக்கட்டும். ஃப்ளூட் சுத்தமாக இருந்தாலும் பாக்கெட்டின் தரையில் சீவல் தேங்கினால் பல் அதையே மறுபடி வெட்டும், சுவரில் கோடு விழும்.

மூலை 5 மி.மீ. ரேடியஸ், கட்டர் 10 மி.மீ. விட்டம்: மூலைக்குள் போனதும் கட்டர் கால்வட்டம் முழுக்க மாட்டி அதிரும். ஃபினிஷிங்குக்கு 8 மி.மீ. எடுங்கள். கட்டர் வெளியே நீட்டும் நீளத்தை 40-லிருந்து 30 மி.மீ. ஆக்கினால் வளைவு பாதிக்கும் கீழே போய்விடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. அடைத்துக்கொண்ட பழைய கட்டர்களைச் சுத்தம் செய்ய வழி உண்டா? 2 ஃப்ளூட் வேண்டாமா?

பதில் 1

2 ஃப்ளூட்டில் இடம் இன்னும் தாராளம். ஆழமான ஸ்லாட்டுக்கும், 6 மி.மீ.க்குக் கீழான கட்டருக்கும் நல்லது. உங்கள் பாக்கெட்டுக்கு 3 போதும், ஃபீடும் ஒன்றரை மடங்கு கிடைக்கும்.

பழையதை நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் அலுமினியம் மட்டும் கரையும், கார்பைடுக்கு ஒன்றும் ஆகாது. நுரைத்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் நெருப்பு கூடாது, பாத்திரம் அலுமினியமாக இருக்கக் கூடாது. கழுவியபின் 10 மடங்கு லென்ஸில் முனையைப் பாருங்கள். பல்லில் சிறு உடைப்பு தெரிந்தாலும் அது இந்த வேலைக்கு ஆகாது.

புதுக் கட்டரைக் கோலெட்டில் (கட்டரைப் பிடிக்கும் வளையத்தில்) மாட்டியதும் டயல் கேஜ் வைத்து ரன்-அவுட் (சுழலும்போது மையம் விலகி ஆடுவது) பாருங்கள், 0.01 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சிப் லோடே 0.06 எனும்போது 0.02 ஆடினால், ஒரு பல்லுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை விழும்.