ஆயுத பூஜைப் படங்களில் கம்பெனி விவரம் வெளியே போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பாலாறு_ஆபீஸ்:
ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ ஏற்றுமதி யூனிட். ஆயுத பூஜைக்கு மெஷின், கம்ப்யூட்டர், ரவுட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, படம் எடுத்து ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுவார்கள். கன்டெய்னர் கிளம்பினால் லிங்க்ட்இனில் பதிவு. பிள்ளைகள் ஆசையாகச் செய்வதை ஒரேயடியாக நிறுத்த மனமில்லை. எதில் உண்மையான ஆபத்து? எதைப் பார்த்துவிட்டு அனுமதிக்கலாம்?

காட்பாடி_நெட்வொர்க்:
தடை போடாதீர்கள் சார், ஒளித்து எடுப்பார்கள். ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

ரவுட்டரின் ஸ்டிக்கரில் வைஃபை பெயர், அதோடு வந்த பாஸ்வேர்டு, சீரியல் நம்பர் இருக்கும். கேமரா காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியின் ஸ்டிக்கரில் பெரும்பாலும் கியூஆர் இருக்கும். ஸ்கேன் செய்தால் அந்தப் பெட்டியின் ஐடி கையில் வந்துவிடும். அட்மின் பாஸ்வேர்டு வாங்கிய நாளிலிருந்து மாறாமல் இருந்தால், வெளியாள் உங்கள் ஃப்ளோரை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். பூஜைக்கு முந்தின நாளே ஸ்டிக்கர்கள் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

என் பெரிய கவலை ஐடி கார்டு. கதவில் காட்டும் 125 கிலோஹெர்ட்ஸ் வெள்ளை அட்டையின் ஓரத்தில் 0012345678 188,24910 என்பதுபோல அச்சாகியிருக்கும். இரண்டும் ஒரே எண்தான்: 188-ஐ 65,536-ஆல் பெருக்கி 24,910-ஐக் கூட்டிப் பாருங்கள், 1,23,45,678 வரும். சாதா அட்டைக்குள் இருப்பதும் பெரும்பாலும் இந்த எண்தான். அதைக் காக்கும் ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. எண் படத்தில் தெளிவாக விழுந்தால் நகல் எடுக்கப் பாதி வேலை முடிந்தது. அச்சைச் சுரண்டி எடுத்தாலும் அட்டை வழக்கம்போல வேலை செய்யும், ஆகவே சுரண்டிவிடுங்கள். படத்துக்கு நிற்கும்போது அட்டை சட்டைப்பைக்குள் போகட்டும்.

கோலமும் அலங்கரித்த ஒரு மெஷினும் உள்ள மூலையைப் படம் எடுக்கவென்றே ஒதுக்குங்கள். அடுத்த சீசன் சாம்பிள் அடுக்கு, டேலி திரை, ஒயிட்போர்டு எதுவும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. கண் பழகிய காகிதம் நமக்குத் தெரியாமலே போய்விடும். 2012-இல் பிரிட்டன் இளவரசர் வில்லியம் விமானப்படைத் தளத்தில் வேலை செய்யும் படங்கள் வெளிவந்தன. பாஸ்வேர்டு எழுதிய தாளும் கூடவே விழுந்திருந்தது. பிறகு பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதாயிற்று.

ஏற்றுமதி_டாக்குமென்ட்:
பணம் போவது கன்டெய்னர் பதிவில்தான். கதவில் உள்ள 4 எழுத்தும் 7 இலக்கமும் இருந்தால் போதும். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், என்றைக்குச் சேரும் என்று ஷிப்பிங் லைன் தளத்தில் யாரும் பார்க்கலாம். பையர் யார், உங்கள் அக்கவுண்ட்ஸில் யார் என்பதெல்லாம் லிங்க்ட்இனில் இருக்கிறது. மூன்றையும் கோர்த்தால், பணம் கட்ட வேண்டிய வாரத்தில் பையருக்கு ஒரு மெயில் போகும்: "எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த இன்வாய்ஸுக்கு மட்டும் வேறு கணக்கில் செலுத்துங்கள்." முகவரியில் 'm' இருக்க வேண்டிய இடத்தில் 'r', 'n' இரண்டும் ஒட்டி நிற்கும், கண்ணுக்கு அகப்படாது. உங்கள் டொமைன் பெயரில் வரும் போலி மெயிலைத் தடுக்கும் டிமார்க் அமைப்பை 'ரிஜெக்ட்' என்று வைத்திருந்தாலும் இது நிற்காது. அந்தப் போலி முகவரி உங்கள் டொமைனே இல்லையே.

ஒவ்வொரு ப்ரோஃபார்மாவிலும் (முன்கூட்டி அனுப்பும் இன்வாய்ஸ்) ஒரு வரி சேருங்கள்: எங்கள் கணக்கு இந்தியாவில் மட்டுமே, மாற்றத்தை மெயிலில் சொல்ல மாட்டோம். அப்படி ஏதாவது வந்தால், மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, பழைய ஒப்பந்தத்தில் இருக்கும் நம்பருக்கு பையர் கூப்பிட்டுக் கேட்கட்டும். அக்கவுண்ட்ஸ் மெயில் பெட்டியில் மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும், உங்களில் யாரும் போடாத ஃபார்வர்டு விதி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். உள்ளே நுழைந்தவன் முதலில் வைப்பது அதைத்தான்.

பாலாறு_ஆபீஸ்:
நன்றி சார். கியூஆர், பார்கோடு இவற்றைப் பாதி மறைத்தால் போதுமா? படத்தோடு லொகேஷனும் போகுமா?

காட்பாடி_நெட்வொர்க்:
பாதி போதாது. பார்கோடில் குறுக்கே மெல்லிய கீற்று தெரிந்தாலே ஸ்கேனர் படித்துவிடும். கியூஆரில் பிழை திருத்தும் அளவு உச்சத்தில் இருந்தால் 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் படிக்கும். மங்கலாக்குவதும் வேண்டாம், முழுக்கக் கறுப்புக் கட்டம் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தைப் போடச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் லொகேஷன் கழன்றுவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா செட்டிங்கிலேயே லொகேஷனை அணைத்துவிடுவது நல்லது.

ஏற்றுமதி_டாக்குமென்ட்:
இதையும் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டால், பையர் தன் வங்கியில் அன்றைக்கே ஸ்விஃப்ட் ரீகால் (அனுப்பிய பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை) கேட்டு, அங்கேயே போலீஸில் புகாரும் கொடுக்க வேண்டும். நீங்கள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். மெயில் பெட்டிக்குள் ஆள் நுழைந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. போலி மெயிலை யாரும் அழிக்க வேண்டாம், ஹெட்டரோடு (மெயில் வந்த வழியைக் காட்டும் விவரம்) அப்படியே சேமித்து வையுங்கள்.