கொலனைசேஷன் ரெசிஸ்டன்ஸ்: 'இடங்கொடாமை' எனலாமா?

அன்புள்ள ஐயா,

குடலில் ஏற்கெனவே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் வெளிக்கிருமிகளைக் குடியேற விடாத பண்பே கொலனைசேஷன் ரெசிஸ்டன்ஸ். அதற்கு 'குடியேற்ற எதிர்ப்பு' என்ற உங்கள் பரிந்துரையில் பொருட்பிழை இல்லை. ஆனால் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோருக்கான கையேட்டில் 'நோய் எதிர்ப்பு', 'மருந்து எதிர்ப்பு' இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. முதலாவது குழந்தைக்கு நல்லது, இரண்டாவது கிருமிக்கு நல்லது. மூன்றாவதாக ஓர் எதிர்ப்பும் வந்தால் படிப்பவர் திணறிப்போவார்.

கீமோவால் நியூட்ரோபில் என்ற, கிருமிகளை அழிக்கும் வெள்ளையணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போன குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திருக்க முடியாது. பிப்பரசிலின்-டாசோபாக்டமோ செஃபிபீமோ மெரோபெனமோ, ஏதாவதொரு ஆன்டிபயாட்டிக்கை உடனே ஏற்றுவார்கள். உயிர் காக்கும் மருந்துகள், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பெருங்குடலின் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்தே அழிகின்றன. அவை இருந்தவரை வந்தேறிக் கிருமிக்கு உணவு மிஞ்சவில்லை. நார்ச்சத்திலிருந்து அவை உண்டாக்கிய பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைக் குடற்சுவர் செல்கள் எரித்ததால், அங்கே வந்தேறிக்கு உதவும் ஆக்சிஜனும் குறைவாகவே இருந்தது. அவை மாற்றியமைத்த பித்த அமிலங்களோ கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியைத் தலையெடுக்க விடவில்லை. 1971இல் வான் டெர் வாய் குழுவினர் சுண்டெலிகளில் காட்டிய பண்பு இதுதான். அது போனபின் என்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் பெருகி, கீமோவால் புண்ணான குடற்சுவர் வழியே ரத்தத்துக்குள்ளும் நுழையக்கூடும்.

இங்கே பெரும்பாலும் நடப்பது சண்டை அல்ல, இடம் காலியாக இல்லை, அவ்வளவுதான். அதனால் 'இடங்கொடாமை' என்கிறேன். 'இடங்கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்பது தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

---

அன்புடையீர்,

சொல் பிடித்திருக்கிறது, என் பரிந்துரையை விட்டுவிடுகிறேன். ஒரே சிக்கல்: பிள்ளைக்கு 'இடங்கொடுப்பது' என்றால் நம் வீடுகளில் செல்லம் கொடுப்பது. குழந்தைகள் பற்றிய கையேட்டில் இது குழப்பும். முதல்முறை வரும்போது 'கிருமிக்கு இடங்கொடாமை' என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'குடலின் இடங்கொடாமை' எனச் சுருக்கலாம். குடலின் நல்ல பாக்டீரியாக்கள் இப்படிக் குலைந்துபோவதைக் குறிக்கும் டிஸ்பயோசிஸுக்கு 'நுண்ணுயிர்க் குலைவு' போதும். 'சமனின்மை' என்றால் ஏதோ தராசுக் கணக்குபோல் ஒலிக்கிறது, நடப்பதோ அழிவு.

இன்னொன்றையும் அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொல்லக்கூடாது, மருத்துவரைக் கேட்காமல் நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் பொடியும் கொடுக்கக்கூடாது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அந்தப் பொடியிலுள்ள லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவே ரத்தத்தில் தொற்றாக மாறியதுண்டு.