மறுமொழி: ‘ஃப்ரீரைடு’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (இலவசச் சவாரி வேண்டவே வேண்டாம்)

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் இன்று காலை உட்கார்ந்து மொத்தமாகப் படித்தேன். கேள்வி கேட்டவன் நான்தான், அதனால் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான். ஒரு கட்டுரைக்காக ஒரே ஒரு சொல் கேட்டேன், இப்போது பதினோரு சொல் கையில் இருக்கிறது, அதில் மூன்று ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

இழையில் புதிதாக நுழைபவர்களுக்காகச் சுருக்கமாக: போட்ட பாதை இல்லாத மலைச்சரிவில் சைக்கிளில் இறங்கும் விளையாட்டுக்குத்தான் ஆங்கிலத்தில் ‘ஃப்ரீரைடு’ என்று பெயர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சையன் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில் வர்ஜின் என்று ஒரு சிற்றூர். அதை ஒட்டிய செந்நிறப் பாறை மலைகளில் 2001-இல் ரெட்புல் ரேம்பேஜ் என்ற போட்டி தொடங்கியது, நடுவில் சில ஆண்டுகள் நின்று 2008-இல் மறுபடி வந்தது. சைக்கிளோடு மலை முகட்டில் நிற்பார்கள். முடிவுக்கோடு கீழே. நடுவில் பாதை என்று எதுவும் கிடையாது, எப்படி வந்து சேர்வது என்பது அவரவர் பாடு. யார் முதலில் வந்தார் என்பதற்கு இங்கே வேலையில்லை. தடம் எவ்வளவு கடினம், காற்றில் எவ்வளவு உயரம், வண்டி எவ்வளவு கட்டுப்பாட்டில் இருந்தது, என்ன வித்தை, என்ன பாணி என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

> ‘கட்டற்ற மென்பொருள்’ என்கிறோம் அல்லவா? அதே வழியில் ‘கட்டற்ற சவாரி’ என்று வைத்துவிடலாமே, தம்பி.

ஐயா, முதலில் நானும் இதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்பதில் வரும் ‘ஃப்ரீ’ இலவசமா கட்டற்றதா என்ற பழைய சண்டையை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள், அந்தச் சண்டையில் ஜெயித்த சொல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. ஆனால் போட்டிக் காணொளிகளைப் பார்க்கப் பார்க்க அது ஒட்டவில்லை. ஒவ்வொரு போட்டியாளருக்கும் இரண்டு உதவியாளர்கள். மண்வெட்டி, கடப்பாறை, மணல் மூட்டை, மண்ணை இறுக்கத் தண்ணீர். நாள் கணக்கில் மலையைச் செதுக்குகிறார்கள். 2016 முதல் இயந்திரக் கருவிகளும் மரத்தால் கட்டிய மேடைகளும் இல்லை, எல்லாம் கைவேலை. இத்தனை பாடும் ஓரிரு நிமிட ஓட்டத்துக்காக. இரண்டு வாய்ப்பு, அதில் நல்லது எதுவோ அது கணக்கு. நடுவில் காற்று பலமாக அடித்தால் அது அடங்கும்வரை உச்சியிலேயே காத்திருக்க வேண்டும், வானத்தில் இருக்கும்போது பக்கவாட்டுக் காற்று தள்ளினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இதில் ‘கட்டற்ற’ எங்கே வருகிறது? அந்தச் சொல்லைப் படிப்பவர் யாரோ தறிகெட்டு மலையிலிருந்து உருண்டு வருவதாகத்தான் நினைப்பார்.

சுதந்திரம் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. தடத்தைத் தேர்ந்தெடுப்பதில். அதனால் என் வாக்கு ‘தன்தட ஓட்டம்’ என்பதற்கு. தன் தடத்தைத் தானே பார்த்து, தானே வெட்டி, தானே ஓட்டுவது.

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் நிம்மதியாக இருந்ததில்லை. பனிச்சறுக்குக்காரர்களிடமிருந்து கடன் வாங்கிய சொல் அது. 1990-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேட் சிம்மன்ஸ், ரிச்சி ஷ்லே, பிரெட் டிப்பி ஆகிய மூவரும் செங்குத்துச் சரிவுகளிலும் மணல் மேடுகளிலும் இப்படி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஆதரித்தது ராக்கி மவுண்டன் என்ற சைக்கிள் நிறுவனம். ஆனால் ‘ஃப்ரீரைடு’ என்ற பெயரை வணிகக்குறியாகப் பதிந்து வைத்திருந்தது கேனன்டேல் என்ற வேறொரு நிறுவனம். வேறு வழியில்லாமல் இவர்கள் எழுத்தைக் கொஞ்சம் மாற்றி ‘ஃப்ரோ ரைடர்ஸ்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சுதந்திரம் என்ற சொல்லுக்கே ஒருவர் பட்டா வாங்கியிருந்தார் என்றால் பாருங்கள்! அந்த வேட் சிம்மன்ஸ்தான் 2001-இல் முதல் ரேம்பேஜை ஜெயித்தவர்.

> தடம் எதற்கு? ‘அதர்’ என்ற அருமையான சங்கச் சொல் தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுப்புங்கள்.

ஆசை எனக்கும் உண்டு, அண்ணா. மலைவழிக்கு அதர் என்பது காதுக்கும் நன்றாக இருக்கிறது. நீங்கள் அதைச் சொன்னதும் எனக்குக் ‘கவலை’ நினைவுக்கு வந்தது. பழைய தமிழில் கவலை என்றால் கிளை பிரியும் வழி. உச்சியில் நின்று இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்க்கிறவனுக்கு இரண்டு கவலையும் ஒரே நேரத்தில் இருக்கும்! ஆனாலும் தடத்தை விட மனமில்லை, காரணம், அது வழியையும் குறிக்கிறது, சக்கரம் விட்டுப்போன அச்சையும் குறிக்கிறது. முதல் ஆள் ஓட்டி முடித்த பிறகு அந்தச் செம்மண்ணில் மிச்சமிருப்பது அதுதானே. ‘விடர்’ என்று நீங்கள் போகிறபோக்கில் சொன்னதை மட்டும் விடமாட்டேன். இரு பாறைகளுக்கு நடுவே உள்ள மலைப்பிளப்பு. 2013 ரேம்பேஜில் நியூசிலாந்தின் கெல்லி மெகாரி 72 அடி அகலப் பள்ளத்தின் மேல் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக் கடந்தாரே, அதை ‘விடர் தாண்டல்’ என்று எழுதிப் பார்த்தேன், எழுதியதும் சரியாக உட்கார்ந்துகொண்டது. (அந்த ஆண்டு அவருக்கு இரண்டாமிடம், கைல் ஸ்ட்ரெயிட்டுக்கு முதலிடம். மெகாரி 2016-இல் தன் ஊர்ப்பக்கம் குவீன்ஸ்டவுனில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார்.)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஜம்ப், டிராப், கேப் என்று மூன்று சொற்களுக்கும் எல்லோரும் ‘பாய்ச்சல்’ என்றே எழுதியிருந்தீர்கள்: பாய்ச்சல், கீழ்ப்பாய்ச்சல், இடைவெளிப் பாய்ச்சல். எதற்கு இவ்வளவு சிரமம்? கிணற்றில் என்ன செய்வோம்? குதிப்போம். வாய்க்காலை? தாண்டுவோம். பரணில் இருப்பதை எடுக்க? எம்புவோம். கீழ்நோக்கிப் போனால் குதி, குறுக்கே போனால் தாண்டு, மேலே போனால் எம்பு. மூன்று திசைக்கும் மூன்று வினை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. டிராப் என்றால் குதிப்பு, கேப் என்றால் தாண்டல், சக்கரம் மேலே எழும்பும் அந்தச் சின்ன மண்மேட்டுக்கு எம்புமேடு. புதுச்சொல்லே படைக்க வேண்டாம், அடுக்கி வைத்தால் போதும்.

இதைவிட முக்கியம், இறங்கும் இடத்துக்கான சொல். ‘தரையிறக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது விமானத்துக்குச் சரி, இங்கே ஆபத்தையே மறைத்துவிடுகிறது. கணக்கு போட்டுப் பார்த்தேன். 15 மீட்டர் கீழே விழுந்தால், காற்றுத்தடையை விட்டுவிட்டால், தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டர். சமதரை என்றால் அத்தனையையும் முழங்காலும் முதுகெலும்பும்தான் வாங்க வேண்டும், முன்பக்க சஸ்பென்ஷன் அமுங்குவது அதிகபட்சம் 20 சென்டிமீட்டர் அளவுதான். அதே ஆள் மணிக்கு 36 கிலோமீட்டரில் விளிம்பைக் கடந்து, 45 பாகை சாய்ந்த சரிவில் வந்து தொட்டால், மண்ணுக்கு நேர்க்குத்தாக அடிக்கும் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர்தான். நாலடிச் சுவரிலிருந்து குதித்த மாதிரி. மிச்ச வேகம் எல்லாம் சரிவு வழியாக ஓடிவிடுகிறது. அதாவது ஆளைக் காப்பாற்றுவது அந்தச் சாய்வு, அதைத்தான் உதவியாளர்கள் நாள் கணக்கில் செதுக்குகிறார்கள். எனவே ‘இறங்குசரிவு’. சாய்வு சொல்லுக்குள்ளேயே இருக்கட்டும். சரிவைத் தாண்டிப்போய்ச் சமதரையில் விழுவதற்கு ‘சமதரை அடி’. படிக்கும்போதே வலிக்கும்.

> எக்ஸ்ட்ரீம் ஸ்போர்ட்ஸ் = தீவிர விளையாட்டு. பத்திரிகைகளில் வந்துவிட்டது, இனி மாற்ற முடியாது.

மாற்ற முயற்சி செய்யலாம். ‘தீவிர’ என்ற சொல்லை நான் அதிகமாகப் பார்த்த இடம் மருத்துவமனைக் கதவு, தீவிர சிகிச்சைப் பிரிவு. கிண்டலுக்குச் சொல்லவில்லை. 2015 ரேம்பேஜில் பால் பாசகோய்ட்டியா விழுந்ததில் முதுகெலும்பு உடைந்தது, தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தன. நடக்கப் பழகவே நெடுநாள் போராட வேண்டியிருந்தது. ‘சாகச விளையாட்டு’ என்றால் சர்க்கஸ் வாடை. ‘வீர விளையாட்டு’ என்று போட்டால், அன்று விழுந்தவர் வீரத்தில் ஏதோ குறைந்துபோனதால் விழுந்தார் என்பது போல ஆகிவிடும். நான் ‘இடர் விளையாட்டு’ என்று வைத்திருக்கிறேன்.

அதற்காக இது வெறும் சோகக்கதை என்று நினைத்துவிடாதீர்கள். கேமரன் சிங்க் என்பவர் 2010 ரேம்பேஜில் ஜெயித்தார், 2013-இல் மர மேடையிலிருந்து 78 அடிக் குட்டிக்கரணம் போட்டார், அப்புறம் 2023-இல் மறுபடியும் ஜெயித்தார். பதின்மூன்று ஆண்டு இடைவெளி! ஊர்த் திருவிழாவில் மரணக்கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஒன்று புரண்டது ஞாபகம் இருக்கிறதா? காணொளியில் பார்த்தாலும் அதேதான். மரணக்கிணறு என்ற சொல்லை எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கவில்லை என்பதையும் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து

---

வணக்கம் தம்பி,

குதி, தாண்டு, எம்பு மூன்றும் வெகு அருமை. அதை யாரும் இனித் தொட வேண்டாம்.

‘இடர்’ பற்றி மட்டும் ஒரு சொல். இலங்கையில் இடர் என்பதையும் ‘இடர்நேர்வு’ என்பதையும் நாங்கள் வேறுபடுத்தி எழுதுகிறோம். மலை விளிம்பு இடர். அது யார் வந்தாலும் வராவிட்டாலும் அங்கேயே கிடக்கும். ஒரு பிள்ளை சைக்கிளோடு அதன் ஓரத்துக்குப் போகும்போதுதான் இடர்நேர்வு வருகிறது. உங்கள் கட்டுரையில் ஓட்டுகிறவர்கள் எதைத் தெரிந்தே ஏற்கிறார்கள் என்று எழுதுகிற இடத்தில் இந்த வேறுபாடு கட்டாயம் தேவைப்படும்.

அடுத்தது, ஓட்டுகிற ஆளுக்கு என்ன பெயர்? முந்தைய மடல்களில் ‘வீரன்’ என்று நாலைந்து இடத்தில் கண்டேன். ரேம்பேஜில் 2024-இல் இருந்து பெண்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. முதல் தடவையே நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ் குட்டிக்கரணம் அடித்து வென்றார். வீரன், வீராங்கனை என்று இரண்டாகப் பிரிக்காமல் ‘ஓட்டி’ என்றே வையுங்கள். ‘ஓட்டுநர்’ என்றால் எனக்கு பஸ்தான் கண்ணில் வருகிறது.

இன்னொன்று, சைக்கிளைச் சைக்கிள் என்றே எழுதினதற்கு நன்றி. பள்ளியில் ‘துவிச்சக்கரவண்டி’ என்று எழுதி எழுதிக் கை வலித்த தலைமுறை நாங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து

---

அக்கா, இடர்நேர்வை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘தன்தட ஓட்டி’யும் சரி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

தனிமடலில் ஐயா ஒருவர், தன் + தடம் புணர்ந்தால் ‘தற்றடம்’ என்றுதான் வரும், இலக்கணம் தெரியாமல் சொல்லாக்க வராதே என்று எழுதியிருக்கிறார். தனிமடலில் திட்டியதற்கு முதலில் நன்றி. ஆனால் ஐயா, ‘தன்’ என்பதற்கு இலக்கணத்திலேயே இரண்டு வழியும் திறந்திருக்கிறது, தன்பகை என்றும் சொல்லலாம், தற்பகை என்றும் சொல்லலாம். தற்றடம் என்று எழுதினால் ஏதோ கட்டடம் என்று நினைத்து அடுத்த பக்கம் போய்விடுவார்கள். தன்தடமே இருக்கட்டும்.

அந்த இரண்டு உதவியாளர்களுக்கு ‘தடவெட்டி’ என்று போட்டேன், விறகுவெட்டி மாதிரி. வீட்டில் படித்துக் காட்டியதும், மண்வெட்டி மாதிரி இதுவும் ஏதோ கருவியா என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான், அதனால் கட்டுரையில் முதல் தடவை வரும்போது ‘தடம் வெட்டும் ஆட்கள்’ என்று விரித்து எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்கிறேன்.

மிச்சம் ‘கேஸ்’ ஒன்றுதான். தாண்டும்போது அக்கரைச் சரிவை முழுதாக எட்டாமல், பின்சக்கரமோ வண்டியின் அடிப்பாகமோ அதன் உச்சி விளிம்பில் போய் மோதுவது. அப்படியே ‘கேஸ்’ என்று தமிழில் எழுதினால் போலீஸ் வந்துவிடும். ‘எட்டாக்குறை’ என்று ஒன்று வைத்தேன், ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருக்கிறது. உங்களில் யாராவது சின்ன வயதில் வாய்க்கால் தாண்டி, அக்கரைக்குப் போய்ச் சேராமல் கரையில் முட்டி சிராய்த்துக்கொண்டவர்கள் இருந்தால், பக்கத்தில் நின்ற பையன்கள் அதற்கு என்ன சொல்லிக் கத்தினார்கள் என்று எழுதுங்கள். எங்கள் தெருவில் கத்தியதை இங்கே எழுத முடியாது.